பிஸ்கட் பரீட்சை

வெண்மதிக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு பரீட்சை வைத்தார்கள். படிக்க வேண்டியதெல்லாம் ஒன்றுமில்லை, ஒரு பிஸ்கட் தின்றால் பாஸ். இதைக் கேட்டதும் அவள் அப்பா சின்னராஜுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் பானுமதி மிச்சத்தையும் சொல்லி முடித்தபோது அந்தச் சிரிப்பு வந்த வழியே போய்விட்டது.

சங்கதி இதுதான். வெண்மதி பிறக்கும்போதே நாலேகால் கிலோ. தலை வெளியே வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. அந்தப் போராட்டத்தில் கழுத்திலிருந்து வலது கைக்குப் போகும் நரம்புகள் இழுபட்டுவிட்டன. சில பிரசவங்களில் இப்படி ஆவதுண்டு, இதில் யார் மேலும் குற்றமில்லை என்று டாக்டர் முதல் தடவை பார்த்தபோதே சொல்லிவிட்டார். விரல் மட்டும் அசைந்தது. மேல்கை துவண்டு கிடந்தது.

சின்னராஜ் மாரண்டஹள்ளியிலிருந்து ஓசூருக்குத் தக்காளி லோடு ஓட்டுகிறவன். பொறுமை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். அவன்தான் தினமும் மகள் கையைத் தூக்கி இறக்கி, முழங்கையை மடக்கி நீட்டி, சொல்லிக்கொடுத்த பயிற்சி ஒன்று விடாமல் செய்தான். மூன்றாம் மாதம் தோள் லேசாக எழும்பியது. ஆறாம் மாதம் முழங்கை பாதி மடங்கியது. அதற்கப்புறம் மடங்குவதும் மடங்காததுமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

இனி தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். நரம்பு ஆபரேஷன் செய்கிற சர்ஜன் மாதம் ஒருமுறைதான் தர்மபுரிக்கு வருவார். இன்றைக்கு வந்திருக்கிறார். ஒரு மணிக்குள் வெண்மதி பெயரைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தாக வேண்டும்.

"ஆபரேஷன் கெட்டதில்லீங்க. தேவைன்னா காலாகாலத்துல செஞ்சிடணும், நாளாக நாளாகப் பலன் குறைஞ்சிடும். ஆனா தானா தேறி வர்ற கைக்காகக் கழுத்தைத் திறக்கக் கூடாது. பிஸ்கட்டை அவளே வாய்க்குக் கொண்டுபோனா நரம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம். தலையைக் குனிஞ்சு கடிச்சா கணக்கில்ல. கைதான் வாய்க்கு வரணும்."

குழந்தை அம்மா மணிமேகலையின் மடியில் உட்கார்ந்திருந்தாள். இடது கையை அம்மா பிடித்துக்கொண்டாள். டாக்டர் வலது மேல்கையை உடம்போடு லேசாக அணைத்துப் பிடித்து, விரல்களுக்குள் பிஸ்கட்டை வைத்தார். வெண்மதி கெட்டியாகப் பிடித்தாள். பிஸ்கட்டைப் பார்த்தாள். அத்தை தீர்த்தம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு 'ஆ'வென்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வேறு என்ன செய்வாள், பாவம். கை முடியாத பிள்ளை என்று அந்த வூட்டில் அவளை ஒரு பருக்கையைக்கூடத் தானாகத் தொட விட்டதில்லை. கேழ்வரகுக் கஞ்சி அத்தை கையால், இட்லி அம்மா கையால், வாழைப்பழம் அப்பா கையால். சாப்பாடு என்பது மற்றவர்கள் கொண்டுவந்து வாயில் வைப்பது என்றுதான் அவள் ஒன்பது மாதமாகக் கற்றிருந்தாள்.

திறந்த வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தீர்த்தம்மாளால் ஆகவில்லை. சட்டென்று எட்டி, பிஸ்கட்டைப் பிடுங்கி, உடைத்து ஊட்டியும் விட்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சின்னராஜ் அக்காவைப் பார்த்த பார்வையில் பச்சைத் தக்காளி பழுத்திருக்கும்.

பன்னிரண்டரைக்கு மறுபடி வரச் சொன்னார் டாக்டர். அதுவரை யாரும் எதுவும் ஊட்டக் கூடாதென்றும் சொன்னார். "நான் இங்க இருந்தா என் கை சும்மா இருக்காதுடா" என்று தீர்த்தம்மாள் தானாகவே எழுந்து மருத்துவமனை வாசலுக்குப் போய்விட்டாள்.

அந்த ஒன்றரை மணி நேரம் சின்னராஜுக்கு ஒரு யுகம். குழந்தை சிணுங்கினாள், சாப்பாட்டுப் பையைக் காட்டினாள், அழுதாள். கூட மணிமேகலையும் அழுதாள். கழுத்தில் கத்தி வைப்பார்களே என்று அவளுக்குப் பயம். சின்னராஜுக்கு அதைவிடப் பயம், ஆனால் ஆம்பளை என்ற வீறாப்பில் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை ஏழு தடவை படித்தான்.

மறுபடி மடி, மறுபடி பிஸ்கட். வெண்மதி வாயைத் திறந்தாள். யாரும் அசையவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

சின்னராஜுக்கு என்ன தோன்றியதோ, மகள் முன்னால் மண்டியிட்டான். குனிந்து, அவள் கையிலிருந்த பிஸ்கட்டில் பாதியை ஒரே கடியாகக் கடித்து, சப்புக்கொட்டி மென்றான்.

வெண்மதி திகைத்துப் போனாள். அவளுக்குக் கொடுக்கிறவர்களைத்தான் அவளுக்குத் தெரியும், பிடுங்கித் தின்கிறவனை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அதுவும் சொந்த அப்பன். அவன் வாயைத் திறந்துகொண்டு மறுபடி குனிந்தான்.

முழங்கை மடங்கியது. பாதி பிஸ்கட் விறுவிறுவென்று மேலே ஏறி அவள் வாய்க்குள் போய்விட்டது. தலை துளியும் குனியவில்லை.

டாக்டர் இன்னொரு பிஸ்கட் கொடுத்தார். இந்தத் தடவை அவள் யாரையும் எதிர்பார்க்கவில்லை, நேராக வாய்க்குத்தான் கொண்டுபோனாள். மூன்றாவதும் அப்படியே.

"பேர் குடுக்க வேண்டாம். பயிற்சியை விடாதீங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று எழுதிக்கொண்டே சொன்னார் டாக்டர். "இனிமே வூட்டுல யாரும் ஊட்டாதீங்க."

சின்னராஜ் பிஸ்கட் தூள் ஒட்டிய வாயோடு தலையாட்டினான். மகள் முகத்தோடு முகம் வைக்க இன்னும் கிட்டே போனான்.

திருடன் மறுபடி வந்துவிட்டான் என்று நினைத்தாளோ என்னவோ, டாக்டர் பிடியை விட்டிருந்த அந்த வலது கையைத் தூக்கி, அவன் மூக்கிலேயே ஒன்று வைத்தாள். நல்ல அடி. சின்னராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றுக்காக மூக்கை நீட்டினான்.