கேட்டுக்கு வெளியே நெய்ச்சோறு

மதராஸில் படித்துக்கொண்டிருந்த மலாயா மாணவர்களுக்கு அங்கே ஒரு சங்கம் இருந்தது. விருந்தோ, விளையாட்டோ, நாடகமோ, எது நடந்தாலும் அதற்கு ஏற்பாடு செய்வது ஹஃபீஸாவின் பொறுப்பு. அவள் மலாக்காவின் தெங்கேராப் பகுதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்துல் கஃபாரின் ஒரே மகள். வகுப்பில் வாய் திறக்கமாட்டாள். ஆனால் ஐம்பது பேரை ஓரிடத்தில் சேர்த்துச் சிரிக்க வைக்க வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை விருந்தின் நடுவே காற்று பந்தலைப் பிய்த்துக்கொண்டு போனபோது, துரத்திப் பிடிப்பவர்களுக்குப் பரிசு என்று அறிவித்து அதையே போட்டியாக்கிவிட்டாள்.

ஐம்பத்திரண்டாம் வருஷக் கோடை விடுமுறைக்கு மலாக்காக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஒரே கப்பலில் ஊர் திரும்பினார்கள். கப்பலிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. அங்கே அத்தனை நடத்துகிறோம், சொந்த ஊரில் ஒன்று நடத்தினால் என்ன? கிளேபாங் கடற்கரையில் வைக்கலாம் என்றார்கள் சிலர். தனபாலன்தான் மாற்றினான். அவன் அப்பா கிளென்மோர் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார்.

"கிளேபாங்குக்கு நாம எப்ப வேணும்னாலும் போலாம்லா. எங்க தோட்டத்துப் பசங்க எங்க போவாங்க? வேலிக்குள்ளயே கெடக்கறாங்க. அங்க வச்சா என்னா?"

அவசரகாலச் சட்டம் வந்ததிலிருந்து தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்பதற்காக அரிசி ரேசன். காலையில் பால்மரம் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி, மடியில் சோறு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரடங்கு.

தனபாலனின் அப்பா துரையிடம் சொல்லி, போலீசில் பெர்மிட் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க விளையாட்டு, கிராமபோன் பாட்டு, நாற்காலிப் போட்டி. அதோடு தேநீரும் பிஸ்கட்டும். பெர்மிட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

முதல் நாள் சாயங்காலம் அப்துல் கஃபார் கடையிலிருந்து வந்து, பிஸ்கட் டின்களைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"நாளைக்கு விருந்துக்கு அத்தா."

"விருந்துன்னு கூப்பிட்டுட்டு பிஸ்கட்டா குடுப்பே? நாளைக்கு எவனாச்சும் தெங்கேரா கஃபார் பாய் மக கூப்பிட்டா, வறட்டு பிஸ்கட்டு குடுத்தான்னு சொல்லமாட்டான்?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் விருந்து சமைக்கும் பண்டாரி வீட்டுக்குப் போய்விட்டார். விடியற்காலையில் கொல்லைப்புறத்தில் அடுப்பு எரிந்தது. ஹஃபீஸா கண் விழித்தபோது பட்டை கிராம்பு வாசம் வீடு முழுக்க நிறைந்திருந்தது. இரண்டு பெரிய சட்டி நெய்ச்சோறும் ஒரு சட்டி கோழிக்கறியும் லாரியில் ஏறின. கூடவே அப்துல் கஃபாரும் சொங்கோக் தொப்பியைச் சரி செய்துகொண்டு முன்சீட்டில் ஏறினார். "பொம்பளப் புள்ளைய தனியா லாரியில அனுப்பவா முடியும்?" என்றார். பின்னால் மாணவர்கள் டையும் காலணியுமாக, கிராமபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சட்டிகளிலிருந்து வந்த வாசத்தில் வழிநெடுக யாருக்கும் பேச்சு ஓடவில்லை.

தோட்டத்துக் கேட்டில் லாரி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் சனங்கள் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, பெட்டியில் இருந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். தனபாலன் முன்னால் நின்று கையசைத்தான்.

கேட்டில் காவலாக இருந்த மலாய் சார்ஜன் பெர்மிட்டை வாங்கிப் படித்தார். பிறகு லாரியின் பின்பக்கம் வந்து ஒரு சட்டியின் மூடியைத் தூக்கினார். ஆவி அவர் முகத்தில் அடித்தது. ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். மூடியை மெதுவாக இறக்கி வைத்தார்.

"தா போலே," என்றார். முடியாது.

தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும்தான் அனுமதி. சோறு ஒரு பருக்கைகூட உள்ளே போகாது. ரேசனுக்கு மேல் எவ்வளவு அரிசி உள்ளே போனாலும் அது எங்கே போய்ச் சேரும் என்று யார் கண்டது? லாரியைத் திருப்பச் சொன்னார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தால் அவருக்கே வருத்தம் என்றுதான் தோன்றியது.

தனபாலன் வேலிக்குள்ளிருந்து கத்தினான். "ஹஃபீஸா! சோறு யாரு கொண்டாரச் சொன்னா? பெர்மிட்ட படிக்கலியா நீ?"

முன்சீட்டில் அப்துல் கஃபார் குனிந்துகொண்டார். சொங்கோக் மட்டும் தெரிந்தது.

"நான்தான் கொண்டாந்தேன்," என்றாள் ஹஃபீஸா. "இப்ப என்னா? சும்மா இரு, யோசிக்க விடு."

அவள் கேட்டைப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே சாலையோரம் வெட்டவெளியாக, புல் செதுக்கிய இடம் ஒன்று இருந்தது. ஓரத்தில் இரண்டு மழைமரங்கள். கேட்டின் ஒரு பக்கத்தில், போகிற வருகிற பெண்களைச் சோதனை போடும் மாரியம்மா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். அவளுக்குத் தோட்டமே பயப்படும். கொண்டையை அவிழ்க்கச் சொல்லிக்கூடப் பார்ப்பாள்.

"அக்கா," என்றாள் ஹஃபீஸா. "சோறு கையில இருந்தா உள்ள விடமாட்டீங்க. மடியில இருந்தாலும் விடமாட்டீங்க. வயித்துக்குள்ள இருந்தா?"

மாரியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வயித்த தடவிப் பாக்கறதுக்கு எனக்கு ஆர்டர் இல்ல, தங்கச்சி."

ஹஃபீஸா சார்ஜனிடம் திரும்பி மலாயில் மளமளவென்று பேசினாள். சோறு உள்ளே போகாது. சனங்கள் வெளியே வரட்டும். இதே இடத்தில், அவர் கண் முன்னாலேயே சாப்பிடட்டும். ஒரு பருக்கை மிஞ்சாது. சட்டியைக் கழுவிக் கவிழ்த்துக் காட்டுகிறோம். திரும்பிப் போகும்போது எல்லோரையும் சோதித்து உள்ளே விடுங்கள். பெர்மிட்டில் இடம் கிளென்மோர் தோட்டம் என்றுதானே இருக்கிறது? இந்தப் புல்தரையும் தோட்டத்து நிலம்தானே?

சார்ஜன் நிலத்தைப் பார்த்தார். மழைமரத்தைப் பார்த்தார். கடைசியில் சட்டியைப் பார்த்தார்.

"நாலு மணிக்குள்ள முடியணும்," என்றார்.

கேட் திறந்தது. அன்றைக்குக் கிளென்மோர் தோட்டத்துச் சனங்கள் வேலை இல்லாமல், வெட்டுக்கத்தி இல்லாமல், வாளி இல்லாமல் முதன்முறையாக வெளியே வந்தார்கள். இருபதடி தூரம்தான். ஆனாலும் திருவிழாச் சந்தைக்கு வந்தவர்கள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துச் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்து நாற்காலிகள் தலைமேல் ஏறி வந்தன. கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார்கள். கயிறு இழுக்கும் போட்டியில் மதராஸ் மாணவர்களைத் தோட்டத்துப் பெண்கள் ஒரே இழுப்பில் கவிழ்த்துவிட்டார்கள். டை கட்டியவர்கள் அத்தனை பேரும் புல்லில் கிடந்ததைப் பார்த்து சார்ஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நாற்காலிப் போட்டியில் பாட்டு நிற்கிற போதெல்லாம் மாரியம்மா சட்டென்று உட்கார்ந்தாள். அவளை இடித்துத் தள்ள ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. பரிசு அவளுக்குத்தான்.

பிறகு பந்தி. வாழையிலை வரிசையாக விழுந்தது. அப்துல் கஃபார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தாமே பரிமாறினார். கடையில் கஜக்கோலை இம்மியும் நகர்த்தாத மனிதர், இங்கே அகப்பையை நிறைத்து நிறைத்துக் கொட்டினார். "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கம்மா. கறி போடவா? வெக்கப்படாதீங்க." ரேசன் அரிசியில் மரவள்ளிக்கிழங்கைச் சேர்த்து வயிறு நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்குத் திரும்பினார்கள். முனியாயி என்ற பெண் வந்தபோது மாரியம்மாவின் கை அவள் இடுப்பில் நின்றது. முந்தானைச் சொருகலிலிருந்து சின்ன இலைப் பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. பிரித்தால் நெய்ச்சோறும் ஒரு துண்டு கோழியும்.

இது விளையாட்டான விஷயம் இல்லை. இதைவிடக் குறைந்த சோற்றுக்கு ஆட்களைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சார்ஜன் அருகில் வந்தார்.

"அப்பாவுக்குங்க," என்றாள் முனியாயி. "மரத்துலேருந்து விழுந்து காலு ஒடஞ்சு கெடக்காரு. வாசம் லயம் வரைக்கும் வருது. காலைலேருந்து அதையே கேட்டுக்கிட்டு இருக்காரு."

ஹஃபீஸா தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார். 'இந்தச் சோற்றை நான்தானே கொண்டுவந்தேன்' என்று அவர் முகம் சொல்லிற்று. அடுத்த நொடி அவள் பொட்டலத்தை மாரியம்மா கையிலிருந்து வாங்கி, சார்ஜனுக்கு எதிரே இலையில் கொட்டி வைத்தாள்.

"சோறு உள்ள போகல துவான். பாருங்க, இங்கதான் இருக்கு," என்றாள் மலாயில். பிறகு தனபாலனிடம், "அந்த நாற்காலிய எடுத்துக்கிட்டு நாலு பேரு ஓடுங்க. அவர தூக்கிட்டு வாங்க!" என்றாள்.

தனபாலன் ஒரு நிமிஷம் முழித்தான். பிறகு விளங்கிவிட்டது. நாலு பேர் நாற்காலியோடு லயத்துக்குள் ஓடினார்கள். சார்ஜன் தடுக்கவில்லை. இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார்.

சிறிது நேரத்தில் முனியாயியின் அப்பா மாயாண்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி ஊர்வலமாக வந்து சேர்ந்தார். சாம்பல் படிந்த மீசை, சிம்பு வைத்துக் கட்டிய கால் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. சுமந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. அவர் மேலேயிருந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். "மெதுவா, மெதுவா. படிச்ச புள்ளைங்கன்னு சொல்றீங்க, ஒரு கோடு நேரா போகத் தெரியலியே."

வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் சிரிப்பு வெடித்தது. முனியாயி அழுதுகொண்டே சிரித்தாள். நாற்காலியை மழைமரத்தடியில் இறக்கினார்கள். அப்துல் கஃபார் புது இலை போட்டு, சட்டியின் அடியில் மஞ்சளாக நெய் தோய்ந்திருந்த சோற்றை வழித்து வைத்தார்.

"அப்பாடா," என்றார் மாயாண்டி. முதல் வாய் போனதும் கண்ணை மூடிக்கொண்டார். "பாய், உங்க வீட்ல தெனமும் இதானா?"

"பெருநாளைக்கு மட்டும்தான்ணே," என்றார் அப்துல் கஃபார், அவர் பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்துகொண்டு. "இன்னிக்கு எங்களுக்குப் பெருநாளுன்னு வச்சுக்குங்க."

சார்ஜன் பொட்டலத்தைப் பற்றி அப்புறம் ஒன்றும் பேசவில்லை. ஹஃபீஸா அவருக்கு ஓர் இலை கொண்டுபோனாள். காவலில் இருக்கும்போது சாப்பிடக்கூடாது என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி, மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு சாப்பிட்டார்.

நாலு மணிக்குச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தார்கள். மாயாண்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது, காவலுக்கு நின்ற மருதமுத்து கடமைக்கு அவர் சட்டைப் பையைத் தடவினான். "நல்லா தேடுறா," என்றார் மாயாண்டி. "ரெண்டு கோழிக்காலு உள்ள போயிருக்கு."

லாரி ரப்பர் மரங்களுக்கு நடுவே திரும்பிப் போனது. பின்னால் மாணவர்கள் தொண்டை கட்டும்வரை பாடினார்கள். முன்சீட்டில் லாரிக்காரன் பக்கத்தில் அப்பாவும் மகளும். அப்துல் கஃபாரின் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் மஞ்சளாகக் கறி தெறித்திருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"நான்தான் கொண்டாந்தேன்னு ஏம்மா சொன்னே? சோறு நானு கொண்டாந்தது."

"விருந்து என்னோடது அத்தா. அதுல எது நடந்தாலும் என்னோடதுதான்."

அவர் தலையாட்டினார். வழியில் மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பம் ஒன்று வந்தது. வேலியோரம் பிள்ளைகள் காற்றாடி விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் லாரிக்காரனை நிறுத்தச் சொன்னார். கடையோரம் குவித்து வைத்திருந்த ரம்புத்தான் பழங்களில் ஒரு பெரிய கொத்தை வாங்கி, பின்னால் இருந்தவர்களிடம் நீட்டினார்.

"பாடுங்கப்பா, பாடுங்க," என்றார். "ஏன் நிறுத்திட்டீங்க?"