வரமாட்டார் என்று எழுதப்பட்டவர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு ஜனவரி மாலை, அயோவாவில் நான் குடியிருக்கும் ஹெல்மர் என்ற சிற்றூரின் பள்ளி விளையாட்டுக்கூடத்தில், சுவரோரம் நின்றுகொண்டு "இருபத்தாறு" என்று உரக்கச் சொன்னேன். எனக்கு முன்னால் நின்ற பல் டாக்டர் இருபத்தைந்து. பின்னால் நின்றவர் இருபத்தேழு. கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரை எங்கள் ஊர் தேர்ந்தெடுக்கும் முறை அப்போது அதுதான். சீட்டு இல்லை, பெட்டி இல்லை, மறைவும் இல்லை. யாரை ஆதரிக்கிறோமோ அவருக்கான சுவரோரம் போய் நிற்க வேண்டும். நின்றவர்கள் தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்வார்கள்.

அன்று ஒரு பெண்மணி எதிர்ச் சுவரிலிருந்து எங்கள் சுவருக்கு நடந்து வந்தார். ஏன் வந்தார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பதினொரு ஆண்டுகளாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதாவது, மற்றதெல்லாம் கற்பனை.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்பாக மாநிலந்தோறும்—" (பாடப்புத்தகம். விட்டுவிட்டேன்.)

"வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. ஆர்டிஸின் உள்ளத்திலும்—" (என் மனைவி பார்ப்பதற்குள் கிழித்துவிட்டேன்.)

"ஆர்டிஸ் நுட்சன் தவறாகக் கணித்ததே இல்லை."

இது நிற்கட்டும்.

2

ஆர்டிஸ் நுட்சன் தவறாகக் கணித்ததே இல்லை. விதைக் கடையில் வேலை பார்க்கும் பெண்மணி. உள்ளூர் வாரப் பத்திரிகையில் ஒரு பத்தி. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, கூட்டத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, எந்தச் சுவரில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று அந்தப் பத்தியில் எழுதுவார். ஏழு முறை எழுதினார், ஏழு முறையும் பலித்தது. அதைவிட வேடிக்கை, ஹெல்மர் யாரைத் தேர்ந்தெடுத்ததோ அவரையே கடைசியில் கட்சியும் நாடு முழுவதற்கும் வேட்பாளராக நிறுத்தியது. தற்செயலாக இருக்கலாம். ஆனால் தலைநகரத்து வானொலி நிலையத்துக்குத் தற்செயல் பிடிப்பதில்லை.

"பெரிய பெரிய கம்பெனியெல்லாம் ஆயிரக்கணக்கான பேரைக் கேட்டுட்டுத் தப்பா சொல்றாங்க. நீங்க எப்படிங்க சரியா சொல்றீங்க?" என்று வானொலிக்காரர் கேட்டார்.

"நான் யாரையும் கேக்க மாட்டேன். கேட்டா மரியாதைக்கு ஒரு பொய் சொல்லுவாங்க," என்றார் ஆர்டிஸ். "யாரு வாசல் பனியை யாரு தள்ளி விடறாங்கன்னு பாப்பேன். நமக்குப் பனி தள்ளிக் குடுக்கற ஆள் எந்தச் சுவத்துல நிக்கறானோ, நாமளும் அங்கதான் போய் நிப்போம். எதிர்ச் சுவத்துல நின்னு அவன் முகத்தைப் பாக்க முடியுமா?"

* ஆர்டிஸை முதலில் புள்ளியியல் பேராசிரியராகத்தான் எழுதினேன். மூன்று மாதம் மேசை முன் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. விதைக் கடைக்கு மாற்றிய அன்றே புல் விதையை நிறுத்துக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டார்.

இந்த முறை முன்னணி வேட்பாளர்கள் ஒரு மாநில ஆளுநரும் ஒரு செனட்டரும். கணிப்பு: ஆளுநருக்கு நாற்பத்திரண்டு, செனட்டருக்கு நாற்பத்தொன்று. ஒவ்வொரு பெயரும் ஒரு தாளில் பென்சிலில் எழுதியிருந்தது. தாளின் அடியில் வராதவர்கள் பட்டியல், காரணத்தோடு. இடுப்பு ஆபரேஷன். மகளுக்குப் பிரசவம். குளிருக்குப் பயந்து அரிசோனா. ஒரு பெயருக்கு மட்டும் காரணம் எழுதவில்லை.

வெர்லின் போஸ்ட்மா. வரமாட்டார்.

3

காரணம் ஆர்டிஸுக்குத் தெரியும். எழுதக் கை வரவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆர்டிஸின் தம்பி இரண்டாயிரத்து நானூறு பன்றிகளுக்கு ஒரு கொட்டகை கட்ட அனுமதி கேட்டார். காற்று வரும் திசையில், வெர்லின் வீட்டுக்கு அரை மைல் தள்ளி. வெர்லின் மின்கம்பி வேலை செய்தவர், அதிகம் பேசாதவர். மாவட்டக் கூட்டத்தில் எழுந்து, என் வீட்டுக்காரி துணி காயப்போட வேண்டாமா என்று மட்டும் கேட்டார். அனுமதி கிடைக்கவில்லை. அந்த வாரம் ஆர்டிஸ் தன் பத்தியில் "ஹெல்மரின் மிக மென்மையான மூக்கு" என்று எழுதினார். நன்றாகத்தான் எழுதியிருந்தார், அதுதான் வினை. ஊரே சிரித்தது. காப்பிக் கடையில் வெர்லின் நுழைந்தால் நாலு பேர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள், விளையாட்டாக. இரண்டு முறை அவரும் சேர்ந்து சிரித்தார். மூன்றாம் முறை பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு மளிகைக்குக்கூட இருபது மைல் தள்ளிப் பக்கத்து ஊருக்குப் போனார்.

எழுதியது தவறு என்று ஆர்டிஸுக்கு ஒரே வாரத்தில் உறைத்துவிட்டது. ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்க வேண்டிய மன்னிப்பைவிட ஒரு மாதம் கழித்துக் கேட்க வேண்டியது கனம். இரண்டு ஆண்டு கழித்து—

(இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் உபதேசமாகிவிடுகிறது. உங்களுக்கே ஒருவரிடம் கேட்க வேண்டியது பாக்கி இருக்கும். அதை வைத்து முடித்துக்கொள்ளுங்கள்.)

4

வெர்லின் வந்தார்.

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, அடித்தட்டு பெஞ்சில், மூன்றாவது வேட்பாளரான ஒரு முன்னாள் மேயரின் பெயர் எழுதிய அட்டையோடு தனியாக உட்கார்ந்தார். அந்த மேயருக்கு ஹெல்மரில் வேறு ஆதரவாளர் கிடையாது. எண்ணி முடித்தபோது ஆளுநருக்கு நாற்பத்தொன்று. அந்தப் பக்கம் வர வேண்டிய தபால்காரர் வாசற்படியில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். செனட்டருக்கும் நாற்பத்தொன்று. முன்னாள் மேயருக்கு ஒன்று.

கூட்டத்தை நடத்தியவர் ரோலண்ட், கால்நடை மருத்துவர். "வெர்லின், ஒத்தை ஆளை ஒரு அணின்னு எழுத முடியாது. குறைஞ்சது பதிமூணு பேராவது வேணும். பதினஞ்சு நிமிஷம் இருக்கு. இன்னும் பன்னெண்டு பேரைச் சேரு, இல்லன்னா ஒரு சுவத்துக்குப் போ, இல்லன்னா வீட்டுக்குப் போ."

"பன்னெண்டு பேரா?" என்றார் வெர்லின். "என்கூடப் பேசறதுக்கு ஒருத்தர் வரட்டும், முதல்ல."

சிலர் சிரித்தார்கள். பிறகு இரண்டு சுவர்களிலும் ஒரே நேரத்தில் கணக்கு உறைத்தது. வெர்லின் எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். அடுத்த நிமிஷம் பெஞ்சைச் சுற்றி இருபது பேர்.

"வெர்லின், உன் வீட்டுக்காரி எப்படி இருக்கா? பாத்து எவ்வளவு நாளாச்சு."

"போன ஞாயித்துக்கிழமை கோயில்ல உனக்கு முன் பெஞ்சுலதான் உக்காந்திருந்தா."

"கேக் எடுத்துக்கோப்பா. எங்க வீட்டுல செஞ்சது."

"வாசனையே வரலியே. என் மூக்குதான் கெட்டுப்போச்சோ?"

"உன் வண்டி குளிருல கிளம்ப மாட்டேங்குதாமே. நாளைக்கே வந்து பாக்கறேன்."

"அது அடம்பிடிக்க ஆரம்பிச்சு ஒன்றரை வருஷமாச்சு. இன்னிக்குத்தான் சத்தம் கேட்டுதா?"

ஆளுநர் அணியை நடத்திய டார்லா, தன் சுவரோரம் நின்ற ஆர்டிஸின் கையைப் பிடித்தார். "நீ போய்ப் பேசு, ஆர்டிஸ். உனக்குத்தான் பேச வரும். அவன் ஒருத்தன் வந்தா நீ எழுதினது அச்சு அசலா பலிச்சிடும். நாப்பத்திரெண்டு, நாப்பத்தொண்ணு. ரேடியோக்காரன் வேற வெளிய காத்துட்டு நிக்கறான்."

5

இந்த இடத்தில் கதை நான்கு ஆண்டு நின்றுவிட்டது. ஆர்டிஸ் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் இப்போது கேட்க முடியாது.

எழுதிப் பார்த்த முடிவு ஒன்று: ஆர்டிஸ் போகிறார், மனமுருகிக் கேட்கிறார். வெர்லின் கண் கலங்கி ஆளுநர் சுவருக்கு வருகிறார். கணிப்பு பலிக்கிறது. இதைப் படித்த என் மனைவி, "அவ மன்னிப்புக் கேட்டாளா, ஓட்டுக் கேட்டாளா?" என்றாள். அதோடு அந்த முடிவு செத்தது.

முடிவு இரண்டு: இன்று பேசாமல் இருந்துவிட்டு, நாளைக் காலை வெர்லின் வீட்டுக்குப் போகிறார். நியாயமான முடிவுதான். ஆனால் நாளைக் காலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பனி தள்ள வேண்டியிருக்கும். கடை திறக்க வேண்டியிருக்கும். இரண்டு ஆண்டுகளாக எல்லா நாளும் நாளைக் காலையாகவே இருந்திருக்கிறது.

முடிவு மூன்றை நான் யோசிக்கவில்லை. கூடத்தில் நான் கண்ணால் கண்ட ஒரே விஷயத்தை இங்கே கொண்டுவந்து வைத்தேன். அது பொருந்திவிட்டது.

6

ஆர்டிஸ் கையிலிருந்த தாளைப் பார்த்தார். எண்பத்து மூன்று பெயர்களை அறிந்தவர், ஒருவர் வரமாட்டார் என்று எழுதியிருக்கிறார். வரவிடாமல் செய்ததே தான்தான் என்பதைக் கணக்கில் சேர்க்காமல். தாளை மடித்தார். கூடத்தைக் குறுக்கே கடந்து செனட்டர் சுவருக்கு வந்தார்.

"ஆர்டிஸ்," என்றார் டார்லா. "தப்பான சுவரு."

"தெரியும்."

"மூளை கீளை குழம்பிடுச்சா உனக்கு? எட்டாவது தடவை. ஊரே உன் வாயைப் பாத்துட்டு இருக்கு."

"பாக்கட்டும்." ஆர்டிஸ் எங்கள் அணித் தாளில் கையெழுத்துப் போட்டார். போட்டால் மாற்ற முடியாது. "நாப்பத்திரெண்டு," என்று உரக்கச் சொன்னார்.

ரோலண்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "அப்போ ஆளுநருக்கு நாப்பது. வெர்லின் இனிமே எங்க போனாலும் ஒண்ணும் மாறாது."

* அரசியல் தெரிந்த நண்பர்கள் இருவர் இந்த இடத்தில் கோபித்துக்கொண்டார்கள். நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் காரியத்தை இப்படியா செலவழிப்பது என்றார்கள். இதுமட்டும் தோன்றுகிறது: இருபத்தெட்டு ஆண்டுகளாக ஆர்டிஸ் தன் கணிப்பு ஜெயிக்கும் என்ற சுவரில்தான் நின்றார். தனக்கு எந்த வேட்பாளரைப் பிடிக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஒரு மனிதரை நினைத்து அவர் கூடத்தைக் கடந்தது அன்றைக்குத்தான். கடவுள் அந்த நடையை எந்த வேட்பாளரின் கணக்கிலும் எழுதியிருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

7

பெஞ்சைச் சுற்றி இருந்த கூட்டம், யாரும் சொல்லாமலே, கரைந்தது. கேக் தட்டும் போய்விட்டது. வண்டி பழுதுபார்க்க வருவதாகச் சொன்னவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆர்டிஸ் மட்டும் திரும்பி வந்து வெர்லின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெர்லின், நான் எழுதினது தப்பு. காத்து உன் வீட்டுப் பக்கம்தான் அடிக்கும்னு எனக்கு எழுதும்போதே தெரியும். சிரிப்பு வரும்னு எழுதினேன். வர்ற வியாழக்கிழமை அதே இடத்துல, அதே அளவு எழுத்துல, தப்புன்னு எழுதறேன். உன் வீட்டுக்காரிகிட்டயும் வந்து சொல்றேன். நீ என்கூடப் பேசினாலும் சரி, பேசாட்டியும் சரி."

வெர்லின் ஒரு சுவரைப் பார்த்தார், பிறகு மற்றதை.

"அப்போ என் ஓட்டுக்கு இப்ப ஒரு மதிப்பும் இல்ல."

"இல்ல."

"பத்து நிமிஷம் இந்த ஊர்லயே நான்தான் பெரிய ஆளு. அடுத்த ஜனாதிபதி யாருன்னு நான் கையைக் காட்டினா ஆச்சு. அதையும் கெடுத்துட்டியே, ஆர்டிஸ்."

இந்தப் பேச்சுக்குப் பிறகு "என்று சிரித்தார்" என எழுதி அடித்தேன். "என்று எழுந்துகொண்டார்" என எழுதி அதையும் அடித்தேன். இரண்டும் நடந்திருக்கக்கூடியவை. கேலியாகச் சொல்லியிருக்கலாம். உண்மையாகவே மனம் நொந்து சொல்லியிருக்கலாம். இரண்டு ஆண்டுக்குப் பிறகு கிடைத்த பத்து நிமிஷம் அல்லவா. நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அந்த பெஞ்சில் இரண்டு முதுகுகள்தான் தெரியும்.

ஆகவே வெர்லினின் முகத்தை எழுதாமல் விடுகிறேன். ரோலண்டின் கடிகாரப்படி இன்னும் நான்கு நிமிஷம் இருக்கிறது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. நீங்களே அவருக்கு ஒரு முகம் கொடுங்கள். கொடுக்கும்போது கொஞ்சம் தாராளமாக இருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அதனால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.