எல்லாப் பொத்தானுக்கும் ஒரே பெயர்

"ஓம் நமோ வேங்கடேசாய" என்றது கம்ப்யூட்டர், அமெரிக்க உச்சரிப்பில்.

கல்பனா விசையைத் தட்டி அடுத்த பொத்தானுக்குப் போனாள். "ஓம் நமோ வேங்கடேசாய." அதற்கடுத்ததற்குப் போனாள். அங்கேயும் அதே திருநாமம்!

ஹெட்போனைக் கழற்றி வீசினாள். "பிரஹ்லாத் சார்! இன்னா சார் பண்ணி வச்சிக்கிறீங்க?"

கல்பனாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் வாசிக்க, அவள் கேட்பாள். பார்வையற்றவர்கள் ஒரு வெப்சைட்டைத் தடுமாறாமல் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிப்பதுதான் திருப்பதியின் இந்தச் சின்னக் கம்பெனியில் அவள் வேலை. அதுவும் தற்காலிகம். காலை ஒன்பது மணிக்கு அமெரிக்க பஸ் கம்பெனியிலிருந்து மார்த்தா கூப்பிடுவாள். அவளுக்கும் பார்வை இல்லை. புது வெப்சைட்டில் அவள் தானாக டிக்கெட் எடுத்துவிட்டால் கல்பனாவுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் சாயங்காலம் அவள் அப்பா, நைனா, வந்து சொந்த ஊரான கார்வேட்டிநகரத்துக்குக் கூட்டிப் போய்விடுவார்.

"பொத்தானையெல்லாம் அழகா படமா மாத்தினேன்" என்றான் வெப்சைட்டை வடிவமைக்கும் பிரஹ்லாத். "ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பேர் குடுன்னு சோதனை மென்பொருள் கத்தித்து. எதை எழுதினாலும் ஒத்துக்கறது. சரி, பெருமாள் நாமமா இருக்கட்டுமேன்னு..."

"பெருமாள் கோயில்ல இருக்கட்டும் சார்! எது 'பணம் கட்டு', எது 'வேணாம்'னு மார்த்தாம்மாக்கு எப்டித் தெரியும்? பொத்தான் வரிசை எனக்கு மனப்பாடம். நான் சொல்லிக்கினே வரேன், நீங்க பேரை அடிங்க!"

"புறப்படும் ஊர்." "சேரும் ஊர்." "தேதி." கல்பனா தட்டித் தட்டிச் சொல்ல, பிரஹ்லாத்தின் விரல்கள் பறந்தன.

ஃபோன் அலறியது. மார்த்தா! சொன்ன நேரத்துக்கு முன்பே!

முதலாளி சிவசங்கரன் ஸ்பீக்கரைப் போட்டார். அந்தப் பக்கம் மார்த்தாவின் கம்ப்யூட்டர் வாசிப்பதும் கேட்டது. ஊர் சரி. தேதி சரி. இருக்கை சரி.

"ஓம் நமோ வேங்கடேசாய."

பிரஹ்லாத் நாற்காலியில் சரிந்தான். ஒன்று தப்பிவிட்டது!

"என்ன இது?" என்றாள் மார்த்தா ஆங்கிலத்தில்.

"அது வந்து மேடம், எங்க ஊர் வரவேற்பு..." சிவசங்கரன் அசடு வழிந்தார்.

கல்பனா குறுக்கே பாய்ந்தாள். "இல்ல மேடம். அது பணம் கட்டும் பொத்தான். எல்லாப் பொத்தானுக்கும் சாமி பேரையே வைத்துவிட்டோம். சற்று முன்புதான் கேட்டுக் கண்டுபிடித்தேன். இது ஒன்று தப்பிவிட்டது. தப்பு எங்களுடையது."

"கேட்டா கண்டுபிடித்தாய்?"

"ஆமாம் மேடம். எனக்கும் கண் தெரியாது."

அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தாள் கல்பனா.

ஆனால் மார்த்தா வெடித்துச் சிரித்தாள். "கண்ணுள்ளவர்கள் 'எல்லாம் சரி' என்று சொல்லியே என்னை இத்தனை வருஷம் சுற்றவிட்டார்கள். நீ திருத்தும்மா, நான் லைனிலேயே இருக்கிறேன். இனி எங்கள் வெப்சைட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நீ கேட்டு 'சரி' என்ற பிறகுதான் நான் வாங்குவேன்."

பிரஹ்லாத் பெயரை மாற்றி அடித்தான். மார்த்தா மறுபடி தட்டினாள். "பணம் கட்டு" என்றது குரல். அடுத்து, "உங்கள் டிக்கெட் தயார்!"

"இனி நீ நிரந்தரம்மா!" என்று சிவசங்கரன் கைதட்டியதில் மேசையிலிருந்த காபி கவிழ்ந்தது.

கல்பனா அதற்குள் ஊருக்கு ஃபோன் போட்டிருந்தாள். "நைனா, சாய்ந்திரம் வருவ இல்ல? சும்மா வராத. என் பெட்டி, தலகாணி எல்லாத்தயும் எடுத்துக்கினு வா. நான் இங்கயேதான் இருக்கப் போறேன்!"