ஏழாவது சட்டை

விடுதியில் அவனுக்கு ஆபீசர் என்று பெயர். உத்தியோகம் எதுவும் கிடைத்து வந்த பெயர் இல்லை. கல்லூரியின் கடைசி வருஷத்தில், நேர்முகத் தேர்வுக்குப் பழகுகிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் அவன் ஒருவன்தான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆரம்பிப்பான்.

எல்லாரும் ஒரே கேள்வியில்தான் மண்ணைக் கவ்வினார்கள். நீங்கள் செய்த தவறு ஒன்றையும், அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் தவறே செய்யாதவர்கள் இல்லை. நாலு பேர் முன்னால் சொல்லும்படியான தவறாகச் செய்ததில்லை, அவ்வளவுதான். அறைத்தோழன் திருதிருவென்று முழிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், ஆபீசர் ஒருநாள் தன் கதையைச் சொன்னான்.

கதை என்ன கதை, நடந்ததுதான். அவன் அப்பா வைத்திருந்தது சலவைக் கடை. அவர் காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தபோது கடையைப் பார்த்துக்கொண்டவன் இவன். ஒரு மாப்பிள்ளையின் கல்யாணச் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் கருக்கிவிட்டான். மூடி மறைக்காமல் அந்த வீட்டுக்கே எடுத்துப் போய், நான்தான் கருக்கினேன் என்று சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, அலைந்து திரிந்து அதே மாதிரி வேறொன்று வாங்கிக் கொடுத்தான். அதற்குப் பிறகும் அந்த வீட்டுத் துணி இவர்கள் கடைக்குத்தான் வந்தது. அந்த வாசலில் நின்றதை அவன் இன்னும் மறக்கவில்லை.

"பிரமாதம்டா. இதை நான் வச்சுக்கவா?" என்றான் அறைத்தோழன்.

ஆபீசர் தலையாட்டினான். அப்புறம் கேட்க வேண்டுமா? ஒருவன் சட்டையைக் கோட்டாக்கினான், ஒருவன் அப்பாவை மாமாவாக்கினான். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டே பார்க்காத ஒருவன் கண் கலங்கவும் பழகினான். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று ஆபீசரே சொல்லிக் கொடுத்தான். இப்படியோர் இளிச்சவாயன் விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்க மாட்டான்.

அந்த வருஷம் கடைசியாக வந்த நிறுவனத்தின் வரிசையில் அவன்தான் கடைசி. அப்பாவின் கால் சரியாகவே இல்லை, கடையும் கைவிட்டுப் போயிருந்தது. இந்த வேலையும் தவறினால் வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தான். முன்னால் போனவர்கள் பல்லெல்லாம் தெரிய வெளியே வந்து, சட்டைக் கதை பலித்துவிட்டது என்று அவன் முதுகில் தட்டினார்கள். தட்டத் தட்ட அவனுக்கு வேர்த்தது. வேறு தவறு ஏதாவது அகப்படுமா என்று மண்டையைக் குடைந்து பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை.

உள்ளே இருந்த அதிகாரி அம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டார். எங்க அப்பா சலவைக் கடை வைத்திருந்தார் என்று இவன் ஆரம்பித்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"காலையிலேர்ந்து இது ஏழாவது சட்டை. ஆறு பேரையும் கேட்டேன், ஆறு பேரும் இது எனக்கே நடந்ததுன்னு அடிச்சுச் சொல்லிட்டுப் போறாங்க. நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

எனக்குத்தான் நடந்தது என்பது அவன் தொண்டை வரை வந்தது. இதுவரை ஆறு தடவை சொல்லப்பட்ட வாக்கியம் அது. அவர் முகத்தைப் பார்த்தான். அதை இன்னொரு தடவை நம்புகிற முகமாக அது இல்லை.

"எனக்கு நடந்தது இல்ல, மேடம். விடுதியில ஒருத்தன் சொன்னது" என்றான். சொன்ன வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதிகாரி அம்மாள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்திருக்க வேண்டும். நீங்கள் ஒருவராவது உண்மை பேசினீர்களே என்றார். அதற்கப்புறம் கேட்டதெல்லாம் சும்மா ஒப்புக்கு. சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் ஒரே ஒரு பெயர்தான் ஒட்டியிருந்தது. அந்த ஆறு பேரும் அவனோடு பேசாமல் மாடி ஏறிப் போனார்கள்.

வீட்டுக்கு ஃபோன் போட்டான். அப்பாதான் எடுத்தார்.

"நம்ம கடையில நடந்ததைச் சொன்னியாப்பா?"

"ஆரம்பிச்சேன்ப்பா."

"நம்புனாங்களா?"



"உங்க பிள்ளை உண்மை பேசுறவன்னு சொன்னாங்கப்பா."

அப்பா அதை அம்மாவிடம் உரக்கச் சொல்வது கேட்டது.