வலுவான தொடர்பு

மாநாட்டின் இரண்டாம் நாள், காலைத் தேநீர் ஆறுவதற்குள், அரங்கில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் இரத்த உறவாகிவிட்டார்கள். மதியச் சாப்பாடு வழக்கமான நேரத்துக்கே பரிமாறப்பட்டது. இதற்கெல்லாம் தராசு வீட்டுக்காரர்கள்தான் காரணம் என்று வெளியில் ஒரு பேச்சு உண்டு. மூன்று தலைமுறையாக எடைத் தராசு செய்து விற்கும், ஒரு கிராம் குறைந்ததாக யாரிடமும் பெயர் வாங்காத குடும்பத்தைப் பற்றி நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது நல்லது.

அந்தத் தொழில்நுட்ப மாநாட்டுக்குள் நுழைந்த ஒவ்வொருவர் கழுத்திலும் தீப்பெட்டி அளவில் ஒரு ரேடியோ டேக் மாட்டினார்கள். கூரையில் இருந்த கருவிகள், யார் எங்கே நிற்கிறார், யார் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கண்டுபிடித்து வாசலில் இருந்த பெரிய திரையில் காட்டின. வியாபாரம் வளரட்டும் என்ற நல்லெண்ணம்தான். திரைக்குப் பொறுப்பாக இருந்த பெண், கைநீட்டும் தூரத்தில் இருவர் சிறிது நேரம் நின்றால் ‘தொடர்பு’ என்றும், நெடுநேரம் நின்றால் ‘வலுவான தொடர்பு’ என்றும் எழுதிவைத்திருந்தாள். திரை எதை எழுதியதோ அது அப்படியே நடந்தது. முதல் நாள் மாலையே, அதுவரை முகம் பார்த்திராத ஒரு தணிக்கையாளரும் ஒரு பெண் வழக்கறிஞரும் ஆளுக்கொரு வாசல் வழியாக, சற்று இடைவெளி விட்டு வெளியேறினார்கள். மைக்கைச் சரிசெய்யும் பெண் மேடைக்கு வந்தபோதெல்லாம், உரையாற்றிய பேராசிரியர் கூரையைப் பார்த்துப் பேசினார். அரங்கு முழுவதும் செல்போன்கள் கவிழ்த்து வைக்கப்பட்டன.

மாநாட்டில் போட்டிருந்த தராசுக் கடையைக் கவனிக்க வந்திருந்தவள் அந்த வீட்டின் தங்கை. வந்த வரன்களையெல்லாம் எடைபோட்டுத் திருப்பி அனுப்பியவள். ஐம்பதை நெருங்கியதும் வரன்கள் வருவது நின்றது. வீட்டில் அந்தப் பேச்சும் நின்றது. பக்கத்துக் கடை பேட்டரிக்காரருடையது. மனைவியை இழந்தவர், மெதுவாகப் பேசுபவர். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருந்தது. அவர் பிடுங்க, இவள் செருக, இவள் பிடுங்க, அவர் செருக, பகல் முழுவதும் இருவரும் அங்கேயே நிற்கவேண்டியதாயிற்று. பொழுது சாய்ந்தபோது திரையின் உச்சியில் ‘தராசுக் கடை – பேட்டரிக் கடை: மிக வலுவான தொடர்பு’ என்று நின்றது. இராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அதன் படம் உறவுக்காரர்கள் எல்லாருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை அவளுடைய பெரியண்ணன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு நேராகத் திரைக்காரப் பெண்ணிடம் போனார்.

“அந்த வார்த்தையை எடும்மா.”

“எந்த வார்த்தை சார்?”

“அதை வேற நான் வாயால சொல்லணுமா?”

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். “தொடர்பா? அதுல என்ன சார் தப்பு? தொடர்பு எண்ணுன்னு சொல்றோமே.”

“எண்ணோட இருக்கலாம். ஆளோட இருக்கக்கூடாது. திரையை அணைச்சுத் தொலையேன்.”

“அணைக்க முடியாது சார். ஸ்பான்சர் விளம்பரம் ஓடுது.”

கௌரவமான சொல் வேண்டும் என்றார் அவர். அவள் ‘உறவு’ என்று மாற்றினாள். அதன் பிறகுதான், தேநீர் ஆறுவதற்குள், முதலில் சொன்னது நடந்தது. அறிமுகமில்லாதவர்களுக்கு ஒரே மாதிரி மூக்கு வந்தது. ரோபோ விற்பவர் ஓர் அதிகாரியைச் சித்தப்பா என்று கூப்பிட்டு, “எங்க வீட்டு விசேஷத்துக்கு ஏன் வரல?” என்று எல்லார் முன்னிலையிலும் அழுதார். போட்டிக் கம்பெனிக்காரர்கள் இருவர், அத்தை மகனோடு எப்படிப் போட்டி போடுவது என்று டெண்டரைக் கிழித்தார்கள். பேட்டரிக்காரருக்குத் தராசு வீட்டுக் காது முளைத்தது. முறம்போல் விரிந்த அந்தக் காதை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடலாம். அவர் வந்து பெரியண்ணன் பக்கத்தில் பணிவாக நின்றார்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க, வாய் தானா வருது. கடையில என் பங்கு என்னாச்சு?”

பெரியண்ணன் பதில் சொல்வதற்குள் தங்கை வந்துவிட்டாள். வரன்களைத் திருப்பி அனுப்பியபோதும் அழாதவள், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, நேத்து இருந்த வார்த்தையையே போடச் சொல்லுங்க.”

“என்ன பேசறேன்னு புரிஞ்சுதான் பேசறியா?”

“புரிஞ்சுதான் பேசறேன். எனக்கு இன்னொரு அண்ணன் வேண்டாம்.”

பெரியண்ணனுக்கு அதைவிடத் தலைகுனிவு வாழ்நாளில் நேர்ந்ததில்லை. பழைய சொல்லை அனுமதித்தால் குடும்பத்தின் பேர் போகும். புதிய சொல்லை விட்டுவைத்தால் தங்கையின் முகத்தில் இனி விழிக்க முடியாது. திரைக்காரப் பெண் தன்னால் ஆனதைச் செய்தாள். ‘பழக்கம்’ என்று போட்டுப் பார்த்தாள். அரங்கெங்கும் சிகரெட் நெடி கிளம்பியது, பலர் பார் எங்கே என்று விசாரித்தார்கள்.

“சகவாசம்னு போடவா சார்?”

“வேண்டாம்மா. போலீஸ் வந்துடும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தங்கையைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், குடும்பக் காதோடு கையைப் பிசைந்துகொண்டு நின்றவரையும் பார்த்தார். பிறகு சபையில் சொல்வதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “சம்பந்தம்னு போடு. கடைக்கும் கடைக்கும் இல்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும்.”

அந்த நிமிடமே மூக்குகளும் காதுகளும் அவரவர் இடத்துக்குத் திரும்பின. ஆனால் அரங்கில் ஒருவர் உட்காராமல் இன்னொருவர் உட்காரவில்லை. எல்லாரும் எல்லாரையும் “நீங்க முதல்ல” என்றார்கள். தங்களை முறையாக அழைக்கவில்லை என்று எல்லாரும் உள்ளுக்குள் வருந்தினார்கள். அந்த மரியாதையில் நிறைவு உரை தொடங்கவே இல்லை. ‘உறவு’ திரையில் இருந்தபோதே டேக்கைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய சிலர் மட்டும் இன்றும் பங்காளிகளாகவே இருக்கிறார்கள். ஒரு பொதுச்சுவர் விவகாரம் நீதிமன்றத்தில் நடக்கிறது. தங்கையின் கல்யாணம் அந்த வருஷமே முடிந்தது. பேட்டரிக்காரர் வீட்டுக்கு வந்தால் பெரியண்ணன் எழுந்து நாற்காலி போடுகிறார்.

மாநாட்டுக்காரர்களுக்கும் புத்தி வந்தது. வருஷந்தோறும் திரையில் போடவேண்டிய சொல்லை முன்கூட்டியே பெரியண்ணனிடம் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். போன மாநாட்டுக்கு அவர் ‘அறிமுகம்’ என்று கொடுத்தார். யாரும் குற்றம் சொல்ல முடியாத சொல். கதவு திறந்த சிறிது நேரத்தில் அருகருகே நின்றவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் முதன்முறையாகப் பார்த்தார்கள். பலகாலக் கூட்டாளிகள் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டார்கள். பேட்டரிக்காரர் தம் மனைவியைப் பார்த்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“நீங்க எந்தக் கடைங்க?”

“தராசுங்க,” என்றாள் அவள், முகம் சிவந்து. “நீங்க?”

சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இருவரும் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியண்ணன் எதிரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பேசி முடித்த சம்பந்தம் என்பதால் தடையொன்றும் சொல்லவில்லை.