ஷீட் கிழிச்ச காயம்

மூன்று புதன்கிழமையாக அந்த வண்டி வல்லம் வடகால் கூட்டுரோட்டில் வந்து நின்றது. மூன்று புதனும் அதைத் தேடி வந்தது ஒரு நாய்தான். அதுவும் நிழலுக்கு.

வண்டிக்குள் ஒரு குறையும் இல்லை. டாக்டர் இருந்தார், நர்ஸ் ஷெர்லின் இருந்தாள், எச்.ஐ.வி. மாத்திரை டப்பாக்கள் இருந்தன, புதுச் சிரிஞ்சு பெட்டி பெட்டியாக இருந்தது. மாத்திரை வாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு ஷிப்ட் போச்சு. ரெண்டு ஷிப்ட் போனால் கான்ட்ராக்ட்காரன் பெயரை அடித்துவிடுவான். அதனால் மருந்தே ஆளைத் தேடிப் போகட்டும் என்று யாரோ நல்ல மனசோடு செய்த ஏற்பாடு. அதே நல்ல மனசோடு வண்டியின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு எய்ட்ஸ் அடையாளமான சிவப்பு ரிப்பன் படமும் போட்டிருந்தார்கள்.

மூணேகால் மணிக்கு ஏ ஷிப்ட் விட்டு கம்பெனி பஸ்கள் வரும். இறங்குகிற இருநூறு பேரும் அந்த ரிப்பனைப் பார்ப்பார்கள். பார்த்ததும் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கமாகவே நடந்து போவார்கள்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்மா," என்றார் டாக்டர், அன்னக்கிளியிடம். "இன்னும் ஒரு புதன்தான் இருக்கு. அப்புறம் வண்டிய வேற ஊருக்குக் கேக்குறாங்க."

ஐந்து வருஷம் முன்பு வரை அன்னக்கிளியும் இரும்புத் தகடு அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் நின்றவள்தான். வலது கையில் ரெண்டு விரல் நுனியை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். இப்போது போதைக்காக வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறவர்களைத் தேடிப் போய்ப் பேசுவதும், சுத்தமான ஊசி கொடுப்பதும், நோய் வந்தவர்களை வைத்தியத்துக்குக் கூட்டிப் போவதும்தான் அவள் பிழைப்பு. இந்தப் பக்கத்தில் அப்படிப் பதினாலு பேரை அவளுக்குத் தெரியும். அதில் டெனிசன்தான் அவள் தொண்டையில் முள்ளாக நின்றான். நாலு மாசமாக அவன் எச்.ஐ.வி. மாத்திரையைத் தொடவில்லை. பேன்ட் இடுப்பில் நிற்காமல் பிளாஸ்டிக் கயிறு கட்டியிருந்தான். வண்டி போனால் அவனும் போய்விடுவான். அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

அன்றைக்கே அவன் அறைக்குப் போனாள். சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தான். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை.

"ஏன்டா, வூட்டாண்ட வண்டி வந்து நிக்குது. நாலு எட்டு நடக்க முடியாதா உனுக்கு?"

"நீ இம்மாம் பெருசா ரிப்பன் வரைஞ்சு பஸ் ஸ்டாப்புல நிறுத்திகினு கீற. எங்க சூப்பர்வைசர் கோதண்டமும் அதே பஸ்லதான்கா எறங்குறாரு. நான் உள்ள ஏறுனா நாளைக்கு லைன்ல எவன் என் பக்கத்துல நிப்பான்?"

"அப்ப பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ."

"போனேனே. அந்த மருந்து கவுன்ட்டர்ல இன்னா சொன்னாங்க தெரியுமா? 'ஊசி போடுறவனுக்குக் குடுக்குறது வேஸ்ட்'னு. பின்னாடி நிக்கிறவனுக்கெல்லாம் கேக்குற மாதிரி."

அன்னக்கிளி அவன் சட்டைக் கையைப் பிடித்து மேலே ஏற்றினாள். முழங்கை மடிப்பில் பழைய துணி சுற்றியிருந்தது. பிரித்தாள். எலுமிச்சம்பழ அளவுக்குச் சீழ்க்கட்டி.

"இத்த வெச்சுகினா வேலைக்குப் போற? எவனும் கேக்கலயா?"

"கேட்டான். ஷீட் கிழிச்சிடுச்சுன்னு சொன்னேன். அதுக்கு மேல எவன் கேக்கப் போறான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அன்னக்கிளி சிரிக்கவில்லை. கையைப் பிடித்தபடியே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எவனும் கேட்க மாட்டான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். பிரஸ் ஷாப்பில் ஷீட் என்கிற அந்தத் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். கிழிபடாத கை ஒன்று கிடையாது. ஆனால் முதலுதவி அறைக்குப் போனால் பெயர் எழுதுவார்கள். எழுதினால் கேட்டில் தொங்குகிற 'விபத்தில்லா நாட்கள்' போர்டு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். டெனிசனின் கம்பெனியில் போர்டு நானூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஐந்நூறு தொட்டால் எல்லாருக்கும் பிரியாணி. பிரியாணியைக் கெடுத்தவன் என்று பேர் வாங்க எவன் துணிவான்? அதனால் அத்தனை பேரும் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு, ரத்தத்தைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். அவளும் அப்படிச் செய்தவள்தான்.

அடுத்த புதன் ஸ்ரீபெரும்புதூரில் அடித்த ஒரு ஃபிளக்ஸைச் சுருட்டிக்கொண்டு வந்து ரிப்பன் படத்தின் மேல் கட்டினாள். 'வெட்டுக்காயத்துக்கு இலவசமாகக் கட்டுப் போடப்படும். பெயர், கம்பெனி கேட்க மாட்டோம்.'

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நாம என்ன, ரோட்டோரம் கட்டுப் போடுற கடையாம்மா?"

"ஊசிப் புண்ணும் புண்ணுதானே டாக்டர்," என்றாள் ஷெர்லின். நாகர்கோவில்காரி. பஞ்சையும் டிஞ்சரையும் ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டாள்.

மூணேகாலுக்கு பஸ் வந்தது. முதலில் ஒருத்தன் நின்று படித்தான். அப்புறம் நாலு பேர். பத்து நிமிஷத்தில் வண்டிக்குப் பின்னால் வரிசை டீக்கடை வரைக்கும் போய்விட்டது. ஒவ்வொரு கையிலும் ஒரு கிழிசல்.

டெனிசன் வந்தான். வரிசையில் நின்றான். நின்ற பிறகுதான் முன்னால் நிற்கிற முதுகு கோதண்டத்துடையது என்று பார்த்தான். பார்த்தவன் திரும்பி ரோட்டைப் பார்த்துக் காலை எடுத்து வைத்தான்.

அன்னக்கிளி ஒரு எட்டு முன்னால் வைத்து நின்றாள். கூப்பிடவும் முடியாது. பெயர் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கட்டியது அவள்தான்.

கோதண்டமே திரும்பிப் பார்த்தார். அவர் கட்டை விரலில் ரத்தம் ஊறிய துணி.

"இன்னாடா டெனிசா, உனக்கும் ஷீட்டா?"

டெனிசன் நின்றான். "ஆமா சார். நீங்க?"

"எனக்கு இன்னா, தோல் இரும்புலயா கீது? கேட்ல எவன்கிட்டயும் சொல்லிடாத. பிரியாணிக்கு இன்னும் எண்பது நாளுகூட இல்ல."

வரிசையே சிரித்தது. டெனிசன் எடுத்த காலைத் திருப்பி வைத்தான்.

அவன் முறை வந்ததும் ஷெர்லின் திரையை இழுத்துவிட்டுக் கட்டியைக் கீறினாள். சீழை வழித்து, கழுவி, கட்டினாள். எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அமைதிதான் அவனைப் பேச வைத்திருக்க வேண்டும்.

"சிஸ்டர், காலைலகூட ஊசி போட்டேன். எனக்கு மாத்திரை தர மாட்டீங்கல்ல?"

"யாரு மக்கா சொன்னது?"

"ஊசி போட்ட அன்னிக்கு அந்த மாத்திரை சாப்பிடக்கூடாதுன்னு பசங்க சொன்னாங்க. ரெண்டும் சேந்தா விஷம்னு. அப்படித்தான் விட்டு விட்டு சாப்பிட்டேன். அப்புறம் தெனம் ஊசின்னு ஆயிடுச்சு. மாத்திரைய மொத்தமா நிறுத்திட்டேன்."

திரைக்கு இந்தப் பக்கம் நின்ற அன்னக்கிளி தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். நாலு மாசம் அவனைத் திட்டித் தீர்த்தாளே, ஏன்டா நிறுத்தினாய் என்று ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டாளா?

"ஊசி போட்ட அன்னைக்கும் திங்கணும், போடாத அன்னைக்கும் திங்கணும்," என்றாள் ஷெர்லின். "ஊசிய விடுறதுக்கு வேற மருந்து இருக்கு. அதப் பொறவு பேசுவோம். இதுக்கும் அதுக்கும் முடிச்சுப் போடாத."

டாக்டர் ரத்தம் எடுத்தார், சளி டெஸ்டுக்கு டப்பா கொடுத்தார். இருமல் டிபி இல்லை என்று தெரிந்ததும் மாத்திரையை மறுபடி தொடங்கலாம் என்றார். போகும்போது ஷெர்லின் புதுச் சிரிஞ்சுகளைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள்.

அன்றைக்கு முப்பத்தொரு பேர். ஊசி போடுகிறவர்கள் அதில் நாலு. டாக்டர் போனை எடுத்தார். "வண்டி இங்கயே நிக்கட்டும் சார்," என்றார். "கொஞ்சம் பஞ்சு அதிகமா அனுப்புங்க."

அடுத்த புதன் சளியில் டிபி இல்லை என்று வந்தது. டெனிசன் மாத்திரை டப்பாவை இடுப்பில் செருகினான். அதற்கும் சேர்த்து அதே பிளாஸ்டிக் கயிறுதான்.

அதற்குப் பிறகு ஒரு மாசம் கழித்து வந்த புதனில் அவன் வரிசையில் நின்றபோது கயிறு இல்லை. பெல்ட் இருந்தது. முழங்கையில் பளிச்சென்று வெள்ளைக் கட்டு. ஷெர்லின் பிரித்தாள். உள்ளே பழைய தழும்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"புண்ணையே காணோமே மக்கா?"

"ஆறிடுச்சு சிஸ்டர். சும்மா வந்தா நல்லாருக்காதேன்னு நானே சுத்திகினு வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாத்திரையைக் கொடுத்துவிட்டு அந்தக் கட்டையே திரும்பச் சுற்றி விட்டாள்.

டெனிசன் இறங்கவில்லை. திரையை விலக்கி வெளியே கை காட்டினான். அங்கே அவன் லைனில் கூட நிற்கிற எழிலரசன். நாற்பது வயசு ஆள், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தது.

"அக்கா," என்றான் டெனிசன், அன்னக்கிளியைப் பார்த்து. "இவருக்கும் ஷீட் கிழிச்சிடுச்சு."

"அதுக்கின்னா," என்றாள் அன்னக்கிளி. "உள்ள ஏறச் சொல்லு."