என் மனைவியின் ஜோடி

என் மனைவி ஐரின் பதினோரு வருடம் ஊர் ஊராகப் போய் டென்னிஸ் ஆடியவள். முழங்கால் தேய்ந்து ஆட்டத்தை விட்ட மறுவருடம், திண்டுக்கல்லில் சிறுமலை வாழைப்பழ மண்டி வைத்திருக்கும் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கோப்பைகளுக்குக் கண்ணாடி அலமாரி செய்து கொடுத்தவனே நான்தான். ஆனால் பாதிக் கோப்பைகளில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ரொனால்டு என்று பொறித்திருப்பது கண்ணை உறுத்தும். கலப்பு இரட்டையர் ஆட்டத்தில் அவன்தான் அவளுக்கு ஜோடி.

போன ஞாயிறு அவன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தலை நரைத்திருந்தது, தொப்பை மட்டும் இல்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. ஐரின் அவனுக்குக் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவள் முதுகுக்குப் பின்னால் என் முழங்கை பட்டுக் கண்ணாடித் தம்ளர் மேஜையிலிருந்து சரிந்தது.

"யுவர்ஸ்" என்றான் ரொனால்டு. பந்தை நீ எடு என்று ஆட்டத்தில் சொல்வார்களே, அப்படி.

ஐரின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கை பின்னால் போய்த் தம்ளரை அந்தரத்தில் பிடித்தது. இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். கல்யாணமாகி நாலு வருடம், நானும் அவளும் இன்னும் அடுப்படி வாசலில் முட்டிக்கொள்கிறோம்.

அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஐரின் முதுகைக் காட்டி நின்று மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதே தம்ளரைத் தள்ளிவிட்டு, "யுவர்ஸ்" என்றேன்.

தம்ளர் சுக்குநூறானது.

ஐரின் நிதானமாகத் திரும்பினாள். "ரொனால்டு விழுறதப் பாத்துச் சொன்னான். நீங்க தட்டிவிட்டுட்டுல்ல சொல்றீங்க? வெளக்கமாறு கதவுக்குப் பின்னாடி இருக்கு. யுவர்ஸ்."